கேள்வி கேட்டால் டாக்டர் கோபிக்கிறார், நோயாளி என்னதான் செய்ய முடியும்?

வாசகர் கேள்வி, 02.11.2025

"நோயாளியும் விழிப்பாக இருக்க வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். நேரில் கேட்டுப் பாருங்கள், தெரியும். போன வாரம் அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். "இந்த மாத்திரை எதுக்கு சார்?" என்றேன். "கூகுள் பாத்துட்டு வந்தீங்களா?" என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று. வெளியே வந்ததும் அப்பா என்னைத்தான் திட்டினார். படித்த எனக்கே இந்தக் கதி என்றால் படிக்காதவர்கள் என்ன செய்வார்கள்? நோயாளியால் ஒன்றும் ஆகாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

02.11.2025, இரவு 9.10

கோபம் வரும் என்பதை மறுக்கவில்லை. ‘படிக்காதவர்கள் என்ன செய்வார்கள்’ என்பதற்கு மட்டும் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போய், பிற்பாடு செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து அசிட்ரோம். வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை. ஒருமுறை முழங்கால் வலி தாங்காமல் தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் பார்த்தார், ஊசி எழுதினார். சிஸ்டர் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மா கையை நீட்டவில்லை. "யம்மா, இது என்ன ஊசி? எனக்கு நெஞ்சுல வால்வு வச்சிருக்கு. ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் சாப்பிடுதேன்" என்றார்.

சிஸ்டர் அப்படியே திரும்பி உள்ளே போனார். டாக்டரே எழுந்து வந்தார். எழுதியிருந்தது டைக்ளோஃபினாக். அசிட்ரோம் சாப்பிடுபவருக்கு அந்த வகை வலி மருந்து போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். சதையில் போடும் ஊசியே உள்ளுக்குள் ரத்தம் கசிந்து வீங்க வைக்கலாம். பாரசிட்டமால் மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார். கோபமில்லை. "நல்லவேளை சொன்னீங்க" என்றார்.

அம்மா அங்கே டாக்டரின் முடிவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். "இது எதுக்கு சார்?" என்று மொட்டையாகக் கேட்டால் தன்னைச் சந்தேகப்படுவதாக அவருக்குக் கேட்கிறது. "அப்பாவுக்கு ஏற்கெனவே இன்ன மாத்திரை ஓடுது, இதோட சேரலாமா?" என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

03.11.2025, காலை 6.30

இரவு எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அம்மா அன்று சொன்னது தற்செயலாக வந்ததில்லை. வால்வு வைத்த ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் அன்று ஒரு வயதான சிஸ்டர் அம்மாவை உட்காரவைத்து, அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். பல் பிடுங்கப் போனாலும், ஊசி போடப் போனாலும், கீழே விழுந்து அடிபட்டாலும் வாயைத் திறந்ததும் முதலில் இதுதான் வரவேண்டும் என்றார். அம்மா அதை மனப்பாடச் செய்யுள் மாதிரி வைத்திருக்கிறார்.

எல்லாருக்கும் அப்படி ஓரிரு வரி இருக்கும். "எனக்கு ஒரு கிட்னிதான்." "பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிருச்சு." "இன்சுலின் போடுறேன்." "மாசமா இருக்கேன்." இதற்குப் படிப்பு வேண்டாம்.

03.11.2025, மதியம் 1.15

மாத்திரைப் பட்டியலை எந்தச் செயலியில் வைப்பது என்று கேட்ட தம்பிக்கு: எதிலும் வேண்டாம். நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது உங்கள் போனின் பூட்டை யார் திறப்பது? ஒரு தாளில் எழுதிப் பர்சில் வையுங்கள்.

அதில் மாத்திரையின் ஜெனரிக் பெயர் (கம்பெனி வைத்த பெயரில்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த நோய்க்கு, யார் எழுதியது என்று இருக்கட்டும். ஒவ்வாமை இருந்தால் மேலே சிவப்பு மையில். எங்கள் அம்மாவுக்கு இன்னொரு தலைவலி உண்டு. அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று வருகிறது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சிலசமயம் திங்கள், புதன், வெள்ளி ஒரு அளவு, மற்ற நாள் வேறு அளவு. அதனால் பட்டியலில் தேதி போட்டே ஆகவேண்டும். அளவு மாறினால் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். வீட்டில் இரண்டு பட்டியல் கிடப்பதைவிட ஒன்றும் இல்லாமலிருப்பது மேல்.

கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, சூரணம், லேகியம், ஹோமியோபதி உருண்டை எல்லாமும் பட்டியலில் வரும். "அது மருந்தா என்ன?" என்று அம்மா கேட்பார். வயிற்றுக்குள் போய் வேலை செய்வதெல்லாம் மருந்துதான்.

03.11.2025, இரவு 10.00

"எங்க வீட்டில் பட்டியல் எழுத ஆளில்லை" என்பவர்கள் எல்லா மாத்திரை அட்டைகளையும் மஞ்சப்பையில் அள்ளிப் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். அமெரிக்காவில் பழுப்பு நிறக் காகிதப்பையில் இதையே செய்யச் சொல்லிப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் பை முதலிலேயே இருக்கிறது.

05.11.2025

மஞ்சப்பை என்று விளையாட்டாக எழுதினேன். இன்று அத்தை வீட்டுக்குப் போனபோது அந்தப் பையின் அருமை தெரிந்தது.

அத்தைக்கு பிரஷர். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுகிறது. 2021 இல் ஆரம்பித்த திட்டம், எங்கள் பக்கத்தில் நன்றாகவே நடக்கிறது. இடையில் மகன் டவுனுக்கு அழைத்துப் போய் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். அவரும் பிரஷர் மாத்திரை எழுதினார். அத்தை இரண்டையும் விடவில்லை. ஒன்று அரசாங்க மாத்திரை, இன்னொன்று காசு கொடுத்து வாங்கியது, இரண்டும் வேறு என்பது அவர் கணக்கு. கட்டிலிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்று நாலைந்து வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

இரண்டு அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் அம்லோடிபின் 5. ஒன்றில் அந்தப் பெயர் மட்டும், மற்றதில் கம்பெனிப் பெயரோடு. ஜெனரிக் பெயரை பிராண்டைவிடப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018 இல் விதி வந்தது. ஆனால் நம் கண் பழகிப்போன பெயரைத்தானே தேடும். நானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு அட்டையோடும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே பிரஷர் பார்த்துவிட்டு ஒன்றை நிறுத்தினார்கள்.

சுகர் மாத்திரையிலும் இதேதான். மெட்ஃபார்மின் எத்தனை பெயரில், எத்தனை கூட்டுச் சேர்க்கையில் வருகிறது என்று ஒரு மெடிக்கலில் கேட்டுப் பாருங்கள். பாரசிட்டமாலும் அப்படி. காய்ச்சலுக்கு டோலோ போட்டுவிட்டு, சளிக்கு சினாரெஸ்ட் போடுபவர்கள் எத்தனை பேர்! இரண்டிலும் பாரசிட்டமால் இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு நாலு கிராம் மேல்வரம்பு. ஈரலில் கோளாறு, குடிப்பழக்கம் என்றால் இன்னும் குறைவு.

07.11.2025

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருப்பதாக மேலே ஒருவர் போட்டிருக்கிறார். அவருக்காகத் தனியாக எழுதுகிறேன். இந்த இழையில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள். தினமும் இல்லை. நம் நாட்டில் மாத்திரை என்றாலே தினமும் என்று கை பழகிவிட்டது. கவரில் 1-0-0, அதாவது தினமும் காலை ஒன்று, என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டால் போச்சு. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ஓய்ந்துபோய் ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகும். உலகம் முழுக்க இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

அதோடு சேர்த்து ஃபோலிக் ஆசிடும் எழுதுவார்கள். இங்கேதான் இரண்டாவது கண்ணி. மெத்தோட்ரெக்சேட்டின் ஒரு பிராண்ட் ஃபோலிட்ராக்ஸ், ஃபோலிக் ஆசிடின் ஒரு பிராண்ட் ஃபோல்வைட். காதால் கேட்டால் அண்ணன் தம்பி. கடைக்காரர் கை மாறினாலும் சிக்கல், வீட்டில் நாள் மாறினாலும் சிக்கல்.

டாக்டரிடமே கிழமையைச் சொல்லி எழுதி வாங்குங்கள், "புதன் மட்டும்" என்பதுபோல. அட்டையிலும் பேனாவால் புதன் என்று எழுதுங்கள். இடையில் வாய் முழுக்கப் புண், காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பில் ரத்தப் புள்ளிகள் என்று வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.

08.11.2025

இன்சுலின் ஊசியின் மூடி நிறம் பற்றிக் கேட்ட சேலத்துக்காரருக்கு.

சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. நம் ஊரில் சீசாவில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுக்குள் போடும் மருந்துக் குழாய், அதாவது காட்ரிஜ், ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனா உடைந்துபோனால் பலர் என்ன செய்கிறார்கள்? காட்ரிஜிலிருந்து சிவப்பு மூடி ஊசியால் உறிஞ்சுகிறார்கள். 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. ராத்திரி தூக்கத்தில் சுகர் இறங்கினால் எழுப்பக்கூட ஆள் இருக்காது. தலைகீழாக, 40 சீசாவிலிருந்து ஆரஞ்சு ஊசியால் 10 இழுத்தால் 4 யூனிட்தான் வரும். சுகர் ஏறிக்கொண்டே போகும், டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், ஒருநாள் சரியான ஊசி கையில் கிடைக்கும்போது அந்தக் கூடுதல் அளவு முழுசாக உள்ளே போகும்.

மெடிக்கலில் "இன்சுலின் சிரிஞ்ச் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். சீசாவையோ அதன் அட்டைப்பெட்டியையோ கையில் கொண்டுபோங்கள்.

09.11.2025

"பெரியவங்க கதையே பேசுறீங்க" என்று ஒரு தங்கை குறைபட்டிருக்கிறார். நியாயம். குழந்தைகளுக்கான பாரசிட்டமால் இரண்டு விதமாக வருகிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120, 125 அல்லது 250. சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து சிரப் அளவில் ஐந்து மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர் மாத்திரை ஒன்று. பாட்டிமார் பாலாடையில் ஊற்றிப் புகட்டுவதெல்லாம் பாசம்தான், ஆனால் பாலாடையில் அளவுக்கோடு கிடையாது. பெட்டியோடு வரும் மூடியையோ சொட்டுக்குழாயையோ தொலைக்காதீர்கள். பெரிய குழந்தைக்கு வாங்கியது சின்னதற்கு ஆகாது. குழந்தைக்கு எடை பார்த்துத்தான் அளவு.

12.11.2025

பத்து நாளாக நான் எழுதியதை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். எல்லாப் பொறுப்பையும் நோயாளி தலையில் கட்டுகிற தொனி வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

போன மாதம் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா பக்கம் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் கிட்னி செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. ஆலையில் ஓடவேண்டிய நச்சுத் திரவம். அந்தத் தாய்மாரில் யார் எந்தக் கேள்வி கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும்? சீட்டு இருந்தது, லேபிள் இருந்தது, காலாவதித் தேதி சரி. சோதிக்க வேண்டியவர்கள் சோதித்திருக்க வேண்டும். "நோயாளிகள் விழிப்பாக இருக்க வேண்டும்" என்று அங்கே போய்ச் சொன்னால் செருப்பால் அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும்.

ஆனாலும் ஒன்று உண்டு. அந்தச் சமயத்தில் மத்திய சுகாதாரத் துறை அனுப்பிய அறிவுரை: இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை. குழந்தை மருத்துவர்கள் பலர் இதை வெகுகாலமாகச் சொல்கிறார்கள். "சிரப் எழுதலையே, இவரெல்லாம் டாக்டரா" என்று வேறிடம் போவது நாம்தான். வெறும் தண்ணீரும் ஓய்வும் போதும் என்று சொல்லும் டாக்டரை நம்புவதும் பாதுகாப்பில் சேர்த்திதான்.

13.11.2025

இதைப் படித்து ஒருவர் "அப்போ நாம என்னதான் கவனிக்கிறது, விடுங்க" என்று எழுதியிருக்கிறார். அப்படி விடுவதற்கில்லை. பில் வாங்குங்கள், அதில் பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், இருக்கும். ஒரு மருந்தைத் திரும்பப் பெறும்போது எண்ணைச் சொல்லித்தான் அறிவிக்கிறார்கள். அரை அட்டை வாங்கினால் பெயரும் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எப்போதும் அந்தப் பக்கத்தைத்தான் தன்னிடம் வைத்துக்கொள்வார், அவருக்கு அடுத்த ஆளுக்கு விற்க வேண்டுமே. 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் கியூஆர் கோடு கட்டாயம். சந்தேகமாக இருந்தால் போனில் காட்டி, பேட்ச் எண் பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

15.11.2025

ஜி.எச்.சில் வேலை பார்க்கும் ஒரு மருத்துவர் வந்து வறுத்தெடுத்திருக்கிறார். காலை ஓ.பி.யில் நூறு பேருக்கு மேல் பார்க்கிறாராம். ஆளுக்கு ஐந்து கேள்வி என்றால் சாயங்காலம் வரை வரிசை நிற்கும், கடைசியில் இருப்பவரும் நோயாளிதானே என்கிறார்.

அவர் சொல்வதில் தப்பே இல்லை. அதனால் என் பக்கத்துக் கணக்கையும் திருத்திக்கொள்கிறேன். டாக்டரிடம் ஒரு கேள்விதான், வரும்போதே முடிவு செய்துவிட்டு வர வேண்டும். அதையும் உட்கார்ந்தவுடன் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் தலைவலி, தூக்கமின்மை, மருமகள் சமையல் எல்லாம் சொல்லிவிட்டு, கதவைத் திறக்கும்போது திரும்பி, "அப்புறம் சார், நேத்து மலத்துல கருப்பா போச்சு" என்பார்கள். உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம், முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, இதையெல்லாம் மருந்தாளுநரிடம் கேட்கலாம். கேட்டுவிட்டு நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும்: "காலைல ஒண்ணு, வெறும் வயித்துல, இது தைராய்டுக்கு. சரிதானே?" எங்கே தப்பாகப் புரிந்துகொண்டோம் என்பது அப்போதுதான் வெளியே வரும். ஐந்து நொடி வேலை.

மருத்துவர் இன்னொன்றும் சொல்கிறார்: நோயாளிகள் பொய் சொல்கிறார்கள். அதற்குத் தனியாக வருகிறேன்.

16.11.2025

பொய். ஆமாம். குடிக்கிறாயா என்றால் எப்பவாவது என்பார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்றால் கரெக்டா சார் என்பார். நாட்டு மருந்து என்றால் வாயே திறக்க மாட்டார், டாக்டர் திட்டுவார் என்று பயம்.

இதில் மன்னிக்கவே முடியாதது ஆபரேஷன் அன்று காலையில் குடிக்கும் காபி. வெறும் வயிறு என்று சொன்னது கொடுமைப்படுத்துவதற்கு என்று நினைத்து, "ஒரு வாய் காபிதானே, பாவம்" என்று அத்தைமார் ஃபிளாஸ்கைத் திறப்பார்கள். பாலும் காபியும் வயிற்றில் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். குடித்துவிட்டால் குடித்தேன் என்று மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். அதிகபட்சம் திட்டுவார், ஆபரேஷனைத் தள்ளிவைப்பார். ஆடும் பல், கழற்றி மாட்டும் பல் செட் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

20.11.2025

வார்டில் ஆள்மாறாட்டம் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. பயப்படுவது சரிதான். எங்கள் ஊர் வார்டில் "முருகன்" என்று கூப்பிட்டால் மூன்று தலை திரும்பும். இனிஷியல் மட்டும்தான் வித்தியாசம், அதையும் பாதிப் பேர் எழுதுவதில்லை. சிஸ்டர் வந்து "நீங்கதானே முருகன்?" என்பார். காது மந்தமான பெரியவர் எதற்கும் தலையாட்டுவார். ரத்தம் ஏற்றும்போது இப்படி நடந்தால் திரும்ப முடியாது.

முறைப்படி "உங்க பேர் என்ன?" என்று கேட்டு நோயாளியே சொல்ல வேண்டும். அப்படிக் கேட்காவிட்டாலும் நாம் சொல்லலாம்: "முருகன், அப்பா பேர் சுடலைமுத்து, பன்னண்டாம் நம்பர் பெட்." ரத்தப் பையில் இருக்கும் பெயரும் குரூப்பும் கேஸ் ஷீட்டில் இருப்பதும் ஒன்றா என்று கூட இருப்பவரும் எட்டிப் பார்க்கலாம். யாரும் அடிக்க மாட்டார்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் இதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2008 இல் ஒரு சரிபார்ப்புத் தாள் கொடுத்தது. மயக்கம் கொடுக்குமுன் பெயர், எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று நோயாளி வாயாலேயே உறுதி செய்ய வேண்டும். டெல்லி உள்பட எட்டு நகரங்களில் பரிசோதித்து 2009 இல் முடிவை வெளியிட்டார்கள்: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. புது மருந்தில்லை, புதுக் கருவியில்லை, வெறும் ஒரு தாள். ஆகவே நாலாவது ஆளாக யாராவது வந்து "எந்தக் கால்?" என்று கேட்டால் எரிச்சல்படாதீர்கள். கேட்காமல் போனால்தான் பயப்பட வேண்டும்.

கையெழுத்து வாங்கும் படிவம் பற்றி ஒரு வார்த்தை. எந்த ஆபரேஷனுக்குச் சம்மதித்தோமோ அதற்கு மட்டும்தான் அந்தச் சம்மதம் செல்லும். சோதித்துப் பார்க்கக் கொடுத்த சம்மதத்தை வைத்துக் கர்ப்பப்பையை எடுத்த வழக்கில், சமீரா கோலி வழக்கு, 2008 இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. நோயாளி மயக்கத்தில் இருந்தபோது அவர் அம்மாவிடம் வாங்கிய சம்மதமும் செல்லாது என்றது. உயிருக்கு ஆபத்து என்றால் கதை வேறு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் நிரப்பிவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லலாம்.

23.11.2025

ஒரு அக்கா எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுதவில்லை. பிரசவத்துக்குப் பிறகு தன் தங்கைக்கு மூச்சு வாங்குகிறது என்று இரவு முழுக்கச் சொன்னாராம். "பயந்து சாகாதீங்க, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றே அனுப்பினார்களாம். விடிந்தபின் ஐ.சி.யு. தங்கை பிழைத்துவிட்டார். "தகவலாகச் சொன்னால் கேட்பார்கள் என்கிறீர்களே, நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

நான் முதல் நாள் எழுதியது பகல் நேர கிளினிக்குக்குச் சரி. ராத்திரி வார்டுக்குப் போதாது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2021 இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தும் செப்சிஸில், அதாவது கிருமித்தொற்று முற்றி உறுப்புகள் கெடும் நிலையில், இறந்தாள். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது காதில் ஏறவில்லை. முன்னதாகவே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது விசாரணை. அதன் பிறகுதான் 2024 இலிருந்து இங்கிலாந்தில் ‘மார்த்தா விதி’: வார்டு டாக்டர் மேல் நம்பிக்கை போனால் குடும்பத்தாரே வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை நேரடியாக அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அதற்கும் முன்பே ‘ரயன் விதி’ என்று ஒன்று உண்டு. அதுவும் ஒரு குழந்தையின் சாவுக்குப் பிறகு வந்ததுதான்.

இங்கே அப்படி நேரடியாகக் கூப்பிட வழி கிடையாது. இருப்பது ஏணிப்படி: சிஸ்டர், டியூட்டி டாக்டர், அப்புறம் அந்த யூனிட்டின் பெரிய டாக்டர். ஜி.எச். என்றால் நிலைய மருத்துவ அலுவலர், ஆர்.எம்.ஓ. என்று கேட்டால் காட்டுவார்கள். கூட்டம் சேர்த்துக் கத்தினால் எல்லாரும் தற்காப்புக்குப் போய்விடுகிறார்கள், நோயாளி நடுவில் கிடப்பார். "சரியில்ல சிஸ்டர்" என்பதைவிட மாறியதைச் சொல்வது வேலை செய்கிறது: "எட்டு மணிக்குப் பேசினா, இப்போ வார்த்தை குழறுது. ரெண்டு மணியிலேர்ந்து ஒண்ணுக்குப் போகல." நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிவைத்து அதைக் காட்டுங்கள். பிரஷரும் ஆக்சிஜனும் எவ்வளவு என்று கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதுகிற கையைப் பார்த்தால் எதிரே நிற்பவர் இன்னொரு முறை பார்க்கத்தான் செய்வார். அப்படியும் கேட்கவில்லை என்றால்? அக்கா, உங்களுக்கு முழு பதில் என்னிடம் இல்லை. நீங்கள் செய்தது குறைவு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

29.11.2025

ரிப்போர்ட் பற்றி. "கூப்பிடலைன்னா நார்மல்னு அர்த்தம்" என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. கூப்பிடாததற்கு நம்பர் தப்பாக எழுதியது, ரிப்போர்ட் வேறு ஃபைலில் போனது, டாக்டர் மாறிப்போனது என்று நூறு காரணம் இருக்கலாம். சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினால், எந்தத் தேதிக்கு வரும், யாரிடம் வரும் என்று கேட்டுவிட்டே வீட்டுக்குப் போங்கள். அந்தத் தேதியில் நாமே போய் நிற்க வேண்டும்.

கேஸ் ஷீட் நகல் தர மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டவருக்கு: 2002 மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். சண்டைக்காகத்தான் கேட்கிறோம் என்று நினைப்பார்கள். அடுத்த டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றால் போதும், உண்மையும் பெரும்பாலும் அதுதான்.

01.12.2025

"அசிட்ரோம் சாப்பிட்டால் கீரையே தொடக்கூடாதா?" தனி மடலில் நாலு பேர் கேட்டாயிற்று. கீரையிலிருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், உண்மைதான். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும். ஒரு மாதம் தொடாமல், பிறகு முருங்கை மரம் தழைத்ததென்று ஒரு வாரம் தொடர்ந்து பொரியல் வைப்பதுதான் கெடுதல். ரத்தப் பரிசோதனையில் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், ஆடிவிடும். மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவே) உலோக வால்வு உள்ளவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைப்பார்கள், உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கீரையைவிட நான் பயப்படுவது ஆன்டிபயாடிக்குக்கு. வயிற்றுப்போக்குக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் ஐஎன்ஆரை எங்கோ ஏற்றிவிடும். பல் பிடுங்க வேண்டுமென்று நாமாக அசிட்ரோமை நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து, வால்வில் ரத்தம் உறைந்து அடைக்கும். பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "கீரையைப் பத்தி எழுதுனியே, மாத்திரைய ராத்திரி ஒரே நேரத்துக்குப் போடணும்னு எழுதுனியா?" என்றார். எழுதியாயிற்று.

06.12.2025

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்ததை யாரிடம் சொல்வது என்று கேட்டவருக்கு. முதலில் எழுதிய டாக்டரிடம். பிறகு மருந்துக் கண்காணிப்புத் திட்டம் என்று 2010 முதல் மத்திய அரசு நடத்துகிறது, தலைமையிடம் காசியாபாத். 1800-180-3024, கட்டணமில்லை, வேலை நாளில் பகலில் கூப்பிடுங்கள். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியே சொல்லலாம். அதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. மருந்தின் பெயர், பேட்ச் எண், எப்போது ஆரம்பித்தது, என்ன ஆனது, கூடவே என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். அந்த அட்டையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். போட்டிருந்தால் பில்லைத் தேடுங்கள்.